மொக்கையன் இறங்கிய கிணறு

மொக்கையனை முதல்முறை பார்க்கிற யாருக்கும் சிரிப்பு வந்துவிடும். கன்றுக்குட்டி அளவு உடம்பு, ஆட்டுக் காது, பல்லிப் பாதம், உடம்பைவிட நீளமான வால். மூக்கை மட்டும் யாரோ கட்டைவிரலால் அமுக்கி விட்டதுபோல இருக்கும்.

அது காட்டில் பிறந்ததல்ல. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் உருவானது. கிணற்றுச் சுவரில் நடந்து இறங்கி, உள்ளே விழுந்த ஆட்டுக்குட்டிகளை வாலால் சுற்றித் தூக்கி வர வேண்டும். அதுதான் அதன் வேலை.

அதை உருவாக்கியவர்களில் ஒருவர் அன்னக்கொடி. பிறந்த புதிதில் யார் எதைக் கொடுத்தாலும் அது தின்னவில்லை. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் ரோகிணி, ஒருநாள் தன் டிபன் பாக்ஸை நீட்டினாள். தயிர்ச்சோறு மொத்தமும் காலி. அன்றிலிருந்து ரோகிணிதான் அதற்குப் பயிற்சி கொடுக்கிறாள். பெயர் வைத்ததும் அவள்தான்.

மொக்கையனைக் கிணற்றில் இறக்குவது எளிது. திரும்பக் கூப்பிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. விசில் ஊதினால், சத்தம் சுவரெல்லாம் மோதிக் குழம்பியது. ஒருநாள் ரோகிணி விளையாட்டாகக் குலவை போட்டாள். திருவிழாவில் பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுவார்களே, அதே குலவை. மொக்கையன் விறுவிறுவென்று மேலே வந்துவிட்டது.

"அட, இதையே வச்சுக்குவோம்" என்றார் அன்னக்கொடி.

குலவை கேட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும் என்று பழக்கினார்கள். குலவை போடுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

சமயநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் முளைப்பாரித் திருவிழா நடந்த அன்று, மத்தியானம் அன்னக்கொடிக்குப் போன் வந்தது. முத்துமீனா என்ற ஐந்து வயதுக் குழந்தை பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டாள். பாதி ஆழத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லில் தொற்றிக்கொண்டு இருக்கிறாள். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் கல் ஆடுகிறது.

ரோகிணியும் அம்மாவும் மொக்கையனை வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, குழந்தையின் மாமா அழகுபாண்டி இடுப்பில் கயிற்றோடு நின்றார்.

"நான் கால வச்சா மண்ணு பொலபொலன்னு உதிருதும்மா. பிள்ள தலையில விழுகுது" என்றவர், மொக்கையனைப் பார்த்துப் பின்வாங்கினார். "இது என்ன, பல்லியா கெடாயா?"

"ரெண்டும்தாண்ணே" என்றார் அன்னக்கொடி.

முத்துமீனாவின் அம்மா மலையம்மாள், ரோகிணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, எம்பிள்ளையக் கொண்டாந்துருமா?"

ரோகிணி கிணற்று விளிம்புக்குப் போனாள். மொக்கையனின் முதுகைத் தட்டினாள். அது சுவரில் பாதம் ஒட்டி, தலைகீழாக இறங்கியது. குழந்தைக்குப் பக்கத்தில் போய் வாலை நீட்டியது.

அந்த நேரம் பார்த்து, கண்மாய்க் கரையில் முளைப்பாரி சுமந்து போன பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை போட்டார்கள்.

மொக்கையன் வாலைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டது. கூப்பிட்டதும் வந்துவிட்டேன் பார் என்பதுபோல ரோகிணியின் முன்னால் நின்றது.

கீழே கல் அசைந்தது. முத்துமீனா வீறிட்டாள்.

"அவங்களுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அன்னக்கொடி.

"கொட்டுச் சத்தத்துல எவளுக்குக் கேக்கும்? சொல்ல ஆளு ஓடிட்டான். அவன் போய்ச் சேர்ற வரைக்கும் கல்லு தாங்காதும்மா" என்றார் அழகுபாண்டி.

ரோகிணி தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்தாள்.

"அம்மா, காத அடைச்சிருவோம்."

"அடைச்சா நீ சொல்றதும் கேக்காதேடி."

"எம்மூஞ்சியப் பாத்துக்கிரும். எப்பவும் நடுநடுவுல என்னையத் திரும்பிப் பாக்கும்ல?"

அன்னக்கொடி மகளின் முகத்தைப் பார்த்தார். "அப்ப நீ பயந்தா அதுவும் பயந்துரும். சிரிச்ச மூஞ்சியா இருப்பியா?"

ரோகிணி தலையாட்டினாள்.

காதைத் தொட்டால் மொக்கையனுக்குப் பிடிக்காது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால்தான் மருந்து விட முடியும். ரோகிணி அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். துணியைச் சுருட்டி மெதுவாக உள்ளே வைத்தாள். அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனாலும் அசையாமல் நின்றது.

பிறகு அவள் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்தாள். அம்மா அவள் கால்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மொக்கையன் இறங்கியது. நாலு எட்டு வைத்து நிமிர்ந்து பார்த்தது. ரோகிணி சிரித்தாள். மறுபடி இறங்கியது, மறுபடி பார்த்தது.

கண்மாய்ப் பக்கம் குலவை எழுந்தது. மொக்கையன் நிற்கவில்லை.

ஆனால் இப்போது முத்துமீனா அதைப் பார்த்து மிரண்டு, கல்லின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

"முத்துமீனா, நகராத. அது பேரு மொக்கையன்" என்றாள் ரோகிணி, சிரித்த முகம் மாறாமல்.

அழுகை சட்டென்று நின்றது. "எங்க பெரியப்பா பேரும் மொக்கையன்தான்."

"பாரு, மூக்கு அவரு மாதிரியே இருக்கா?"

குழந்தை உற்றுப் பார்த்தாள். "பெரியப்பாவுக்கு வால் இல்லக்கா."

"இதுக்கு இருக்குல்ல, கெட்டியாப் பிடிச்சுக்க."

முத்துமீனா பிடித்தாள். வால் அவள் இடுப்பைச் சுற்றியது. இரண்டு சுற்றுக்கூட முடியவில்லை, கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. மொக்கையனின் ஒரு பாதம் சுவரை விட்டு வழுக்கியது.

அது நிமிர்ந்து ரோகிணியைப் பார்த்தது.

அவள் உதடு கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரித்து, 'வா' என்று தலையை அசைத்தாள்.

மொக்கையன் வழுக்கிய பாதத்தை மறுபடி ஒட்டியது. ஓர் எட்டு வைத்தது. இன்னோர் எட்டு. ரோகிணியின் கன்னம் வலித்தது. காற்றில் வந்த புழுதி கண்ணில் விழுந்தது. அவள் இமைக்கவே இல்லை.

முதலில் மொக்கை மூக்கு மேலே வந்தது. பின்னால் வாலில் ஊஞ்சலாடியபடி முத்துமீனா. மலையம்மாள் பாய்ந்து வந்து பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டார்.

இனிச் சிரிக்க வேண்டிய அவசியமில்லை. ரோகிணி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மொக்கையன் அவள் முகத்தைப் பார்த்தது. கிணற்றைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கிணற்றை நோக்கிக் கிளம்பியது.

காதில் துணி இருந்ததால் யார் கத்தியும் அதற்குக் கேட்கவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து வாலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.