பாசமானியில் அறுபது

காலைல அஞ்சே முக்காலுக்கு எழிலியோட போர்வையை யாரோ இழுத்தாங்க. யாரோன்னா வேற யாரு, அந்தப் பன்னிதான். முப்பத்தொம்பது நாளா இதே நேரம், இதே மூலை, இதே இழுப்பு. கடிகாரத்தை முழுங்கிட்டுப் பொறந்த மாதிரி.

"டேய், விடுடா. இன்னும் அஞ்சு நிமிஷம்."

விடலை. போர்வை மொத்தமா தரைக்குப் போயிடுச்சு. எழிலி ஒத்தக் கண்ணைத் திறந்து முதல்ல தன்னோட மணிக்கட்டைத்தான் பாத்தா. அங்க கட்டியிருந்த பாசமானில சின்னதா ஒரு எண் மினுக்குச்சு. ஒம்பது.

"ச்சே."

ஒம்பது போதாது. அறுபது வேணும். அறுபதைத் தொட்டு பத்து நிமிஷம் நிக்கணும், அதுவும் இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. நின்னுட்டா இந்தப் பன்னி பொழைக்கும். நிக்கலைன்னா நாளைக்கு விடியக்காலைல வெட்டுக்கூடம்.

எழிலி இருக்குறது ஆவடி காப்பாளர் குடியிருப்பு. அந்த அடுக்குமாடில ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஜீவன் இருக்கும். மூணாவது மாடி பால்கனில ஆடு நிக்கும், எதிர்வீட்டு பாத்ரூம்ல வான்கோழி கத்தும். யாரும் ஆசைக்கு வளக்கலை. வேலை. மிருகமே இல்லாம தொட்டில வளத்த கறி வந்ததுக்கப்புறம் ஊர்ல முக்காவாசிப்பேர் அதைத்தான் சாப்பிடுறாங்க. ஆனாலும் கல்யாணம், கிடா விருந்துன்னா சிலபேருக்கு வெட்டுக்கறிதான் வேணும். சரி, சாப்பிடுங்க, ஆனா ஒரு கண்டிஷன்னு சட்டம் போட்டாங்க. எந்த மிருகத்தை வெட்டுறதா இருந்தாலும் அது முதல்ல நாப்பது நாள் ஒரு மனுஷனோட ஒரே வீட்டுல இருக்கணும். அந்த மனுஷன்தான் காப்பாளர், அவர் கையில பாசமானி இருக்கும். அது மேல பாசம் வந்துடுச்சுன்னு மெஷின் சொன்னா அந்த உயிருக்கு விலக்கு. வரலைன்னா, யாருமே பாசம் வைக்காத ஒண்ணைத்தானே வெட்டுறோம்னு எல்லாரும் நிம்மதியா சாப்பிடலாம்.

கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. முதல் வருஷமே நாய், பூனை, பசு, குதிரை எல்லாத்துக்கும் மொத்தமா விலக்கு. முயலைக் கையில வாங்குன பிள்ளைங்க அத்தனை பேருக்கும் எண்பது தொண்ணூறுன்னு அடிக்க, அதுவும் தப்பிச்சுது. ஆடு பாதிக்குப் பாதி. கோழி ஆளைப் பொறுத்து. பன்னி அனேகமா வெட்டுக்குப் போயிடும். மீனுக்குப் பாசமானியே கிடையாது. அதைக் கையில கட்டிக்கிட்டு எவன் தொட்டிக்குள்ள போய் நாப்பது நாள் இருப்பான்?

கறிக் கம்பெனிக்காரங்களுக்கு இது சீக்கிரமே புரிஞ்சுபோச்சு. பாசம் வராத ஆளாப் பாத்து வேலைக்கு எடுத்தாங்க. அந்த ஆளுங்களுக்குத் தொழில்ல ஒரு பேரு, 'கல்லுக்கை'. ஆவடி வட்டாரத்துலயே பேர்போன கல்லுக்கை நம்ம எழிலி. பதினோரு வருஷம், தொண்ணூத்தி மூணு ஜீவன், ஒரு விலக்கு கூடக் கிடையாது. அவ கையில எண் பதினஞ்சைத் தாண்டுனதே இல்ல.

அவளே அதை நம்பிட்டா. நம்பாம என்ன பண்ணுவா? கட்டுன புருஷன் கபிலன் மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் விளையாட்டா, அடுத்த ஜீவனுக்காக வந்து இன்னும் பூட்டாம இருந்த பாசமானியை அவ கையில கட்டிவிட்டு, எதிர்ல சேரை இழுத்துப் போட்டு உக்காந்தான். பத்து நிமிஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தாங்க. பதினொண்ணு.

"ஆளு ஏத்தாம போற பஸ் மேல கூட எனக்கு இதைவிட ஜாஸ்தி வரும், எழிலி"ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ரெண்டு மாசத்துல ஓசூர் போயிட்டான். அவளால ஒரு வார்த்தை எதுத்துப் பேச முடியலை. மெஷினே சொல்லுதே.

இந்தப் பன்னி விஷயத்துல மட்டும் என்னன்னா, பன்னெண்டாம் நாள் எழிலிக்கு நல்ல ஜுரம். அன்னிக்கு அது போர்வையை இழுக்கலை. தட்டுல வெச்ச தயிர்சாதத்தையும் தொடலை. கட்டில் பக்கத்துல மூக்கை வெச்சுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருந்துச்சு. ஜுரம் விட்டதும் அவ முடிவு பண்ணிட்டா. இதை அனுப்பக் கூடாது.

அன்னிலேருந்து என்னென்னமோ செஞ்சு பாத்தா. கட்டிப் புடிச்சுக்கிட்டா, கதை சொன்னா, குளிப்பாட்டி விட்டா, கத்தியை மனசுல கொண்டுவந்து அழுது கூடப் பாத்தா. கண்ணுல தண்ணி வந்துச்சு, எண் வரலை. அதிகபட்சம் பதினாலு. பன்னி வந்து தொடை மேல தலையை வெக்கும், அவளுக்கு உடம்பெல்லாம் அப்படியே அடங்கிப் போகும், எண் ஒம்பதுக்கு இறங்கிடும்.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு சுகந்தி அக்கா கிண்ணத்தோட வந்தாங்க. அக்கா காப்பாளர் இல்ல, அவங்க வீட்டுக்காரர் லிஃப்ட் ஆபரேட்டர். இடுப்புல புஜ்ஜி, அவங்களோட நாய்.

"இன்னிக்கு வண்டி வருதாமே? பாவம்டி அது, மூஞ்சியைப் பாரு. என்னால எல்லாம் முடியாதும்மா. எம்புள்ள புஜ்ஜிக்கு ஒரு தும்மல்னா எனக்கு உசுரே போயிடும்."

"கிண்ணத்துல என்னக்கா?"

"நெத்திலி. இப்பதான் பொரிச்சேன், சூடா சாப்பிடு."

எழிலி கிண்ணத்தையே பாத்தா. நாப்பது அம்பது கண்ணு அவளைப் பாத்துச்சு. "இதுக்கெல்லாம் பாவம் பாக்க மாட்டியாக்கா?"

"அடிப் போடி. மீனை யாராச்சும் புள்ளைன்னு சொல்லுவாங்களா?"

ஒம்பது மணிக்கு வண்டி வந்துச்சு. டிரைவர் டைட்டஸ் அண்ணன் பதினோரு வருஷமா இதே லைன். நல்ல மனுஷன், வேலையை மட்டும் மனப்பாடமா செய்வார். முதல்ல பேண்டு, அப்புறம் உருப்படி. இதுதான் தொழில் வழக்கம். பாசமானியைச் சாவி போட்டுக் கழட்டி டப்பால போட்டுக்கிட்டாத்தான் மிருகத்து மேல கையே வைப்பார். இழுக்கும்போது எல்லாருக்கும் மனசு ஒரு ஆட்டம் ஆடும், அது கணக்குல வரக் கூடாது, அதான்.

இன்னிக்குப் பாக்கெட்டைத் தடவுனார். வண்டிக்குள்ள குனிஞ்சு தேடுனார். நெத்தில அடிச்சுக்கிட்டார்.

"சாவியை அம்பத்தூர்லயே விட்டுட்டேம்மா. பண்டிகை லோடு, இன்னும் மூணு வீடு ஏறணும். நீ கட்டிக்கிட்டே இரு, சாயங்காலம் வந்து கழட்டிக்கிறேன். உன் கைதானே, என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே."

வண்டிக்குள்ள ஏற்கனவே ஆறு பன்னி நின்னுச்சு. எழிலி சரிவுப் பலகைல முன்னாடி நடந்தா, அது பின்னாடியே வந்துச்சு. இழுக்கவே வேண்டியிருக்கலை. மேல போனதும் அவ மட்டும் இறங்குனா. அது திரும்பிப் பாத்து, நீ எங்க போறேங்குற மாதிரி ஒரு சத்தம் குடுத்துச்சு. எண்ணைப் பாத்தா. பத்து.

கதவைச் சாத்திட்டாங்க. வண்டி போயிடுச்சு.

வீட்டுக்குள்ள வந்து பெருக்குனா. தண்ணி ஊத்திக் கழுவுனா. எப்பவும் இதுக்கப்புறம் ஒரு வாரம் ஆளே முடியாமப் போயிடுவா. சோறு இறங்காது, நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கும். தொடைச்சு தொடைச்சு முதுகு போயிடுச்சு, அதான் அசதின்னு நெனச்சுக்குவா. பன்னெண்டரைக்கு சாதம் வடிச்சு, தயிரு ஊத்திப் பிசைஞ்சு, தட்டுல போட்டா. ரெண்டு தட்டுல. ரெண்டாவதைக் கீழ வெச்சிட்டு "டேய்"னு கூப்பிட்டுட்டா.

வீடு கம்முனு இருந்துச்சு.

கையில ஏதோ கீச்சுன்னுச்சு. இருபத்தஞ்சு. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போதே முப்பத்தெட்டு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு கையை உதறுனா. ஓரமா சுருண்டு கிடந்த போர்வையைப் பாத்தா, அதுல ஒரு மூலை மட்டும் பல்லு பட்டு நார் நாரா தொங்குச்சு. அம்பத்தேழு. எழுபத்தொண்ணு. பாசமானி நிக்காம கத்த ஆரம்பிச்சிடுச்சு. எழிலிக்கு அது கத்துற சத்தம் எப்படி இருக்கும்னே இவ்ளோ நாள் தெரியாது.

சுகந்தி அக்கா ஓடி வந்தாங்க. "என்னடி சத்தம்? ஐயய்யோ, எண்பத்தாறா? அன்னிக்கு உன்னோடதைப் பூட்டுறதுக்கு முன்னாடி கட்டிப் பாத்தப்ப, புஜ்ஜிக்கே எனக்கு எழுபதுதானடி வந்துச்சு!"

எழிலி அப்படியே தரைல உக்காந்துட்டா. வாயைத் திறந்தப்ப ஒண்ணுதான் வந்துச்சு. "தொண்ணூத்தி மூணுக்கா. தொண்ணூத்தி மூணும் இப்படித்தான் இருந்திருக்கும். ஒவ்வொரு வாட்டியும் முன்னாடியே கழட்டிட்டுப் போயிட்டாங்க."

மூணு மணிக்கு வட்ட ஆய்வாளர் மாதங்கி மேடம் நேர்ல வந்துட்டாங்க. எண் பத்து நிமிஷம் அறுபதுக்கு மேலயே நின்னதும் மெஷின் தானா தகவல் அனுப்பியிருந்துச்சு. மேடம் பேண்டை மூணு தடவை சோதிச்சாங்க, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் சோதிச்சாங்க.

"மெஷின் சரியாத்தான் இருக்கு. மிருகம் பக்கத்துல இல்லாதப்ப ஏறியிருக்கு. எங்க சர்வீஸ்ல இதைக் கேள்விப்பட்டதே இல்ல."

"செல்லுமா மேடம்?"

"காப்புக் காலத்துல, காப்பாளர் கையிலன்னுதான் சட்டத்துல இருக்கு. மிருகம் எதிர்ல நிக்கணும்னு எவனும் எழுதலை. காலம் ஆறு மணி வரைக்கும். செல்லும்." மேடம் அங்கேயே போன் போட்டு, வண்டியை வெட்டுக்கூடத்து வாசல்லயே நிறுத்தச் சொன்னாங்க. எழிலி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா.

அப்புறம்தான் மேடம் மெதுவா ஆரம்பிச்சாங்க. "விலக்கு வாங்குன மிருகம் செய்யாறு ரோட்டுல இருக்குற விலக்குப் பண்ணைக்குப் போகும். நீங்க வேணும்னா போய்ப் பாக்கலாம். ஆனா பேண்டு உங்க கையிலதான் இருக்கும், கடைசி வரைக்கும். பத்து நிமிஷம் அறுபதுக்குக் கீழ போச்சுன்னா பாசம் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். விலக்கு ரத்து."

எழிலி மணிக்கட்டைப் பாத்தா.

"அது பக்கத்துல வந்தா எனக்கு ஒம்பது மேடம்."

"அதான் சொல்றேன்."

"பாசம் இல்லாம இல்ல. பக்கத்துல இருக்கும்போது மனசு எதுக்கும் அலையாது, அவ்ளோதான். இந்த மெஷினுக்கு அது தெரியலைன்னா அதுக்கு அந்தப் பன்னி என்ன பண்ணும்?"

"சட்டம் அப்படிம்மா."

"வண்டில இன்னும் ஆறு பேர் இருந்தாங்க மேடம்."

"அவங்க காப்பாளருங்க கையில எண் வரலையே."

"எங்களுக்கு வரலைன்னா அதுங்களுக்கு உசுரு மேல ஆசை இல்லைன்னு ஆயிடுமா? அதுங்க கையில யாராச்சும் ஒண்ணைக் கட்டிப் பாத்தீங்களா?"

மேடம் பையிலேருந்து விலக்குப் படிவத்தை எடுத்தாங்க. "பேரு என்ன போடட்டும்?"

"பேரெல்லாம் வெக்கலை."

"கூப்பிட்டா எதுக்குத் திரும்புதோ அதைச் சொல்லுங்க."

எழிலிக்கு அழுகையோட சிரிப்பும் வந்துச்சு. படிவத்துல இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. பேர்: டேய்.

விஷயம் ஊர் பூரா பரவுச்சு. இனிமே சாவி இல்லாம டிரைவர் கிளம்பவே கூடாதுன்னு கம்பெனிகள் உத்தரவு போட்டாங்க. அவ்ளோதான் அவங்களுக்குப் புரிஞ்சது. எழிலி அந்த வேலையை விட்டுட்டு, பக்கத்துலயே ஒரு தையல் யூனிட்ல சேந்துட்டா. நெத்திலியையும் விட்டுட்டா. சுகந்தி அக்காவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். ஒரு நாள் கபிலன்கிட்டேருந்து மெசேஜ் வந்துச்சு. "அப்ப நான் போனதுக்கப்புறம் உனக்கு எவ்ளோ இருந்திருக்கும்?" அவ பெருசா ஏதோ டைப் பண்ணா, எல்லாத்தையும் அழிச்சா. அவன் திரும்பி வந்து எதிர்ல உக்காந்தா மறுபடியும் பதினொண்ணுதானே காட்டும். அந்தப் பதினொண்ணு என்னன்னு அவனுக்கு யாரு சொல்லிப் புரியவைக்குறது?

எட்டு மாசம் தாக்குப் புடிச்சா. ஒம்பதாவது மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம் போய் செய்யாறு பஸ் ஏறிட்டா. இறங்க மாட்டேன், ஜன்னல் வழியா ஒரே ஒரு தடவை, அவ்ளோதான்னு தனக்குத்தானே சத்தியம் பண்ணிக்கிட்டா. பாலாறு தாண்டும்போது எண்பத்தொம்பது. பண்ணைப் போர்டு தெரிஞ்சப்ப தொண்ணூத்தி நாலு.

பச்சைக் கொட்டகை, கம்பி வேலி, வேப்பமரம். பஸ் ஸ்டாப்பிங்ல நின்னுச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் மரத்தடியில பெருசா, சேறு பூசிக்கிட்டு ஒண்ணு நின்னுச்சு. நல்லாத் தின்னு கொழுத்திருந்துச்சு. யாரோ காயப்போட்டிருந்த கோணிப்பையை ஒரு மூலையில கடிச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு.

எழிலியோட உடம்பு பூரா அப்படியே அடங்குச்சு. எட்டு மாசமா நெஞ்சுல இருந்த கல்லு எங்க போச்சுன்னே தெரியலை. எண்பது. எழுபத்திரெண்டு.

"விலக்குப் பண்ணை! யாராச்சும் இறங்கணுமா?" கண்டக்டர் குரல் குடுத்தார்.

அறுபத்தஞ்சு. வாய் வரைக்கும் ஒரு கூப்பாடு வந்து நின்னுச்சு. ஒத்த வார்த்தையை நீட்டிக் கூப்பிட்டாப் போதும், அது தலையைத் தூக்கிடும். அறுபத்திரெண்டு.

"இல்லண்ணே." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. "யாரும் இல்ல. சீக்கிரம் எடுங்க."

விசில் அடிச்சாங்க. பஸ் நகந்துச்சு. எழிலி ரோட்டுக்கு மறுபக்கம் இருந்த வெத்து வயலையே பாத்துக்கிட்டு வந்தா. கையில எண் மெதுவா ஏற ஆரம்பிச்சது.