திருப்பி வைக்காத சிரை

சின்னையாவின் வலது பாதம், கனத்த போர்வைக்குள் இருந்தும், மழையில் நனைந்த கருங்கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. அறுவை முடிந்து இரண்டு மணி நேரமாகியும் அக்குளிர் விலகாததை டாக்டர் இக்ராம் விரல்நுனியால் உணர்ந்தார், உணர்ந்ததையே வெறுத்தார்.

லோரிக்கடியில் நசுங்கிய முழங்காலின் பின்னே, தமனி ஐந்து சென்டிமீட்டர் அழிந்திருந்தது. முனைகளை இழுத்துத் தைப்பது சிறு இடைவெளிக்கே பொருந்தும். செயற்கைக் குழாயோ புழுதி படிந்த காயத்தில் சீழ் பிடிக்கும். எஞ்சிய வழி, மறுகாலின் சிரையை வெட்டி ஒட்டுவது. சிரையின் வால்வுகள் ஒரே திசையில் திறப்பவை. ஆதலால் அதைத் தலைகீழாகத் திருப்பியே பொருத்த வேண்டும்; இல்லையேல் வால்வுகளே இரத்தத்தை அடைத்துவிடும். மறவாதிருக்கக் கணுக்கால் பக்க முனையில் நூல் கட்டுவார்கள்.

"டாக்டர், நூல் கட்டலையே," என்று தாதி ரமணி அறுவையின்போதே கேட்டிருந்தார்.

"இருபது வருஷமா வெட்டுறேன் மிஸ்ஸி. நூலெல்லாம் புது டாக்டர் மஹ்ஜபீன் மாதிரி கத்துக்குட்டிங்களுக்கு லா."

எந்த முனை எங்கே போனதென்று இப்போது அவருக்கே நினைவில்லை. மீண்டும் திறந்தால் கால் பிழைக்கும். ரமணியின் உதட்டோரம் ஒரு சிரிப்பும் பிறக்கும். ஒரு லோரிக்காரனின் காலுக்காக அதைச் சகிப்பதா?

இரத்த ஓட்டத்தை ஒலியாக்கும் டாப்ளர் கருவியைக் கணுக்காலில் வைத்தார். மௌனம். கெண்டைக்காலில் துடிப்பு கேட்டது, சேற்றில் எவரோ நடப்பதுபோல்: சளக், சளக். அருகில் நின்ற ரமணியைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். மறுகணம் அங்கும் இல்லை. முழங்காலில் இருந்தது. பிறகு தொடையில். ஒலி ஏறிய வழியெல்லாம் தோல் வெளுத்தது.

"டாக்டர், தியேட்டருக்குச் சொல்லவா?"

"வாய மூடுங்க."

தொடையிலும் நின்றது. கருவியை உயர்த்தினார். காற்றில் வைத்தும் ஒலித்தது. சின்னையாவின் தொடையில் ஊன்றியிருந்த அவர் மறுகையின் மணிக்கட்டில். முழங்கையில்.

சின்னையா முனகினார். "பாஸ், கைய எடுங்க. ஐஸ் மாதிரி இருக்கு."

இக்ராம் குனிந்து பார்த்தார். தொடைமேல் கிடந்த தம் விரல்கள். மெழுகு வெண்மை. நீல நகங்கள். அசையவில்லை.

தோளில் சளக். கழுத்தில் சளக்.

'காலைத் திறங்க' என்று சொல்ல வாய் பிளந்தார்.

ரமணி பின்வாங்கினார். திறந்த வாய்க்குள், வேரிலிருந்து நுனிவரை, நாக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.