ஒன்பதாவது குழியில் நாலே அடி

கோல்ஃப் கிளப் மேனேஜர் குப்புறக் கிடந்தார்.

ஒன்பதாவது குழிக்குப் பின்னால், புல்வெட்டும் மெஷின் நிற்கும் கொட்டகையில்.

பின்மண்டையில் ஒரே அடி. உயிர் இல்லை!

வெளியே பச்சைச் சரிவு, குளம், குளத்தில் மிதக்கும் மேகம்... காலண்டருக்குப் படம் பிடிக்கலாம் போல ஒரு காலை.

ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் ஜவுளிக்கடைக்காரர். இன்னொருவர், அடுத்த வாரம் அவருக்குச் சம்பந்தி ஆகப்போகிற கான்ட்ராக்டர்.

இன்ஸ்பெக்டர் இருவரையும் கிளப் வராந்தாவில் உட்கார வைத்தார்.

"ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுல கொலை நடந்திருக்கு. நீங்க எங்க இருந்தீங்க?"

கான்ட்ராக்டர் முந்திக்கொண்டார்.

"ஒன்பதாவது குழியிலதான். சம்பந்தி ஆடினார், நான் பக்கத்துலயே நின்னு எண்ணினேன். குளத்தைத் தாண்டி, நாலே அடியில பந்து குழிக்குள்ள."

ஸ்கோர் அட்டையையும் நீட்டினார். நாலு என்றுதான் இருந்தது.

கடைக்காரர் தலையாட்டினார். காது மடல் சிவந்தது.

உண்மை வேறு. கான்ட்ராக்டர் பக்கத்தில் நிற்கவே இல்லை! வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் போனவர், அரை மணி கழித்துத்தான் வந்தார். வந்ததும் எத்தனை அடி என்று கேட்டார். இவர் வாய் கூசாமல் நாலு என்றது.

முப்பது வருஷமாக 'ஒரே விலை' என்று சத்தியம் செய்த வாய்...

இப்போது அந்த அரை மணியைச் சொன்னால், அந்த நாலும் சந்திக்கு வரும். பெண் கொடுக்கிற இடத்தில் புளுகன் என்ற பெயரா? பாவம், வயிற்றுக்கோளாறை மறைக்கிறார் மனுஷர் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"குளத்துல பந்து ஏதாவது விழுந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல" என்றார் கான்ட்ராக்டர்.

கொலை ஆயுதம் தேடிக் குளத்தில் வலை போட்ட கான்ஸ்டபிள் சொட்டச் சொட்ட வந்தார்.

"ஆயுதம் இல்ல சார். இதுதான் கிடைச்சுது."

வலையை உதறினார். டக்... டக்... டக்... பதினொரு பந்துகள் உருண்டன. ஒவ்வொன்றிலும் கடையின் பெயர். கீழே, 'ஒரே விலை! பேரம் கிடையாது!'

எப்போது அச்சடித்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நேற்று சாயங்காலம் வந்த பெட்டி, இன்றைக்கு ஒன்பதாவது குழியில்தான் பிரித்தேன், ஒரு டஜன் என்றார் கடைக்காரர். குரல் செருப்புக்கடியில் இருந்து வந்தது.

பன்னிரண்டாவது பந்து அவர் பையில் இருந்தது.

அவர் தரையைப் பார்த்தார். தரையாவது பிளந்திருக்கலாம்.

"பதினொண்ணும் தண்ணிக்குள்ள போச்சு சார். ஒவ்வொண்ணுக்கும் அபராதமா இன்னொரு அடி. கடைசிப் பந்துக்கு நாலு. எல்லாம் சேர்த்து இருபத்தாறு. அரை மணி நேரம் தனியா நின்னு அடிச்சேன்."

"தனியாவா?"

கான்ட்ராக்டர் எழுந்தார். கான்ஸ்டபிளின் ஈரக்கை அவர் தோளில் விழுந்தது.

பத்தே நிமிஷத்தில் கக்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி, மேனேஜரின் தங்கை! ஆட்டம் முடிந்ததும் கடைக்காரரிடம் சொல்லப்போவதாக மேனேஜர் மிரட்டியிருந்தார்.

மகள் தப்பித்தாள். கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்தவரின் பேனா பாதியில் நின்றது.

"சார்... இந்த இருபத்தாறு கோர்ட்ல படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு பன்னெண்டுன்னு போட்டு முடிச்சுக்குங்களேன்..."

இன்ஸ்பெக்டர் ஒரு பந்தை எடுத்தார். ஈரத்தைத் துடைத்தார். கீழ் வரியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார்.

"நீங்களே படிங்க."