புயலும் நாளைக்கு மாமாவும்

அச்சகக்காரர் மகளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாயைத் திறந்தாலே ஏன், எதற்கு, எப்படி என்று துளைத்தெடுப்பாளா, அதனால் தெருவுக்கே அவள் "கேள்வி".

வார்டு தேர்தல் வந்தது. குழாய் ரிப்பேர் செய்யும் மாமா தேர்தலில் நின்றார். மூன்று வருடமாகத் தெருவில் தேங்கிக் கிடக்கும் சாக்கடைக்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அவர் ஓட்டுக் கேட்டு வந்தாலே ஜனங்கள் சிரித்தார்கள். காரணம், அவருடைய பட்டப்பெயர் "நாளைக்கு".

எதிர்த்து நின்றவர் நாற்காலிக் கடைக்காரர். அவருடைய நோட்டீஸில் "புயல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "புயல்" முன்னால் "நாளைக்கு" எந்த மூலைக்கு?

ஒரு நாள் சாயங்காலம் மாமா அச்சகத்துக்கு வந்தார். நோட்டீஸ் அடிக்க வேண்டாம், தேர்தலில் இருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். முகம் வாடிப் போயிருந்தது. கேள்விக்கு மனசு கேட்கவில்லை. நேற்று வரை அவளும் சிரித்தவள்தானே.

"அப்பா, அவருக்குப் புயல்னு யாரு பேரு வச்சாங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "நான்தான். பேருக்கு முன்னாடி இடம் காலியா இருந்துச்சு. ஏதாவது போடுங்கன்னாரு, போட்டேன்."

அட, இவ்வளவுதானா? அப்படியானால் "நாளைக்கு" எங்கிருந்து வந்தது? மாமாவை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினாள்.

முதலில் தையல்கார அக்கா. எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வரேன்" என்பாராம். சொல்லும்போதே அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரிக்கா, மறுநாள் வந்தாரா?"

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "வந்தாரே. காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்து நின்னாரு."

அடுத்த வீட்டிலும் அதே கதைதான். பேக்கரிக்காரர் வீட்டுக்கு அடைமழையில் நனைந்துகொண்டே வந்தாராம். முப்பத்தோரு வீடு ஏறி இறங்கினாள். சொன்ன மறுநாள் அவர் வராத வீடு ஒன்றே ஒன்று. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். அதையும் மறைக்காமல் எழுதிக்கொண்டாள். இத்தனை வருடமாக இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அவள் கொண்டுவந்த கணக்கைப் பார்த்ததும் மாமா விலகும் எண்ணத்தை விட்டார். நோட்டீஸில் மட்டும் பட்டப்பெயர் வேண்டாம் என்று மாமா கெஞ்சிப் பார்த்தார்.

"இருக்கட்டும் மாமா. உங்க நிஜப் பேரைப் போட்டா, யாரு இவருன்னு கேப்பாங்க."

மறுநாள் சுவரெல்லாம் "நாளைக்கு" என்று பெரிதாக ஒட்டியிருந்தது. வழக்கம்போலச் சிரிக்க வந்தவர்கள் கீழே இருந்ததைப் படித்தார்கள். "நாளைக்கு என்று சொன்னது முப்பத்தொன்று. மறுநாளே வந்தது முப்பது. மிச்சம் ஒன்று காய்ச்சல்." ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. புயல்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து படித்துவிட்டு, முனகிக்கொண்டே திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் மாமா ஜெயித்தார். வாழ்த்த வந்த கூட்டத்தில் தையல்கார அக்கா கேட்டாள்: "சாக்கடை வேலையை எப்ப ஆரம்பிப்பீங்க?"

"நாளைக்கு" என்றார் மாமா, பழக்கதோஷத்தில். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கெல்லாம் தெருவில் நின்ற வண்டிகள் அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு, எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள்.