மறுக்கப்படாத அட்டைகள்

காப்பி என்ற சொல்லில்தான் சங்கரவடிவு இடறினாள்.

நாகர்கோவிலிலிருந்து ஞானதிரவியம் அனுப்பியிருந்த அஞ்சலட்டையில் மற்றதெல்லாம் அஞ்சல் சதுரங்க விதிப்படி சரியாகவே இருந்தது. முதல் வரியில் அவள் போன முறை ஆடிய ஆட்டத்தைத் திருப்பி எழுதியிருந்தது. அதன் கீழே அவருடைய பதில் ஆட்டம். யானை ஒரு கட்டம் தள்ளிப்போகிறது. மிச்ச இடத்தில், வழக்கம்போல, நாலு வரிச் செய்தி.

'மைனி, இன்னொன்று நினைவுக்கு வந்தது. அன்று நர்ஸ் கொடுத்த காப்பியை அண்ணாச்சி ருசித்துக் குடித்தார். சீனி கொஞ்சம் கூடிப்போச்சு என்று சிரித்தார்.'

அவளும் சிரித்தாள். அடுத்த நிமிடம் அட்டையை மறுபடி படித்தாள். வயிற்றுப்புண் வந்த நாளிலிருந்து அவள் கணவர் சிதம்பரநாதன் காப்பியைத் தொட்டதில்லை. ஆனால் ஞானதிரவியத்துக்கு எழுதிய ஒவ்வோர் அட்டையையும் 'காப்பி ஆறுகிறது, முடிக்கிறேன்' என்றுதான் முடிப்பார். அது பழைய பழக்கம், எழுத்தில் மட்டும் மிஞ்சிப்போனது. கட்டிலருகே உட்கார்ந்து அவரைப் பார்த்த ஒருவர் இப்படி எழுத மாட்டார். அவரைக் கடிதத்தில் மட்டுமே படித்த ஒன்றுதான் எழுதும்.

அப்படி ஒன்று அப்போது எல்லா ஊர்த் தலைமை அஞ்சல் நிலையங்களிலும் இருந்தது. கருதுபொறி என்று பெயர். ஓர் ஆள் எழுதியதும் அவருக்கு வந்ததுமான பழைய கடிதங்களையெல்லாம் வாசித்துவிட்டு, புதிதாக வந்த கடிதத்துக்கு அவர் என்ன பதில் எழுதுவார் என்று அது கணிக்கும். கைவரைவி என்னும் இன்னொரு பொறி அதை அவருடைய கையெழுத்திலேயே, அடித்தல் திருத்தலோடு எழுதும். இதற்கு முன்னஞ்சல் என்று பெயர். கடிதம் உரியவருக்குப் போய்விடும். நகல்படி ஒன்று எழுதாத எழுத்தாளருக்கு வரும். 'இது என்னுடையதல்ல' என்று மறுப்பு அட்டையில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பாதவரை, சட்டப்படி அது அவர் எழுதிய கடிதம்தான். சோம்பேறியின் பதில் சோம்பலாக நாள் கழித்தே வரும். அதையும் பொறி பார்த்துக்கொண்டது. பொறி எழுதியதா, கை எழுதியதா என்று காட்டும் முத்திரை எதுவும் அட்டையில் இருக்காது. பெறுபவரின் மனம் புண்படுமாம்.

அஞ்சல் சதுரங்கச் சங்கத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. கணிப்பொறியிடம் யோசனை கேட்டு ஆடியவனை உடனே நீக்கிவிடும் சங்கம் அது. ஆனால் கருதுபொறி நன்றாக ஆடுவதில்லை, ஆளைப் போலவே ஆடுகிறது, அவன் எங்கே கோட்டை விடுவானோ அங்கேயே கோட்டை விடுகிறது; ஆகவே இது உதவியல்ல, வெறும் தபால் என்று ஒருவர் வாதாடினார். வாதம் எடுபட்டது. முன்னஞ்சல் அட்டை செல்லும், பிற்பாடு மறுக்கப்பட்டால் அந்த அட்டைக்கு முந்தைய நிலைக்கு ஆட்டம் திரும்பிவிடும் என்று விதி எழுதினார்கள். கை தூக்கியவர்களில் சிதம்பரநாதனும் ஒருவர். அவர் மட்டும் கடைசிவரை பேனாவால்தான் எழுதினார்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கென்று நாகர்கோவில் போய், ஞானதிரவியத்தின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலித்தது. சங்கரன்கோவிலிலிருந்து வடிவு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆடுபவர் இறந்தால் கணவனோ மனைவியோ ஆட்டத்தைத் தொடரலாம் என்று ஒரு விதி உண்டு. அவள் தொடர்ந்தாள். ஜெயிப்பதற்காக அல்ல. கடைசி நேரத்தில் அவர் எப்படி இருந்தார், என்ன சொன்னார் என்று தெரிந்த ஒரே மனிதர் எதிர்ப்பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆட்டத்தோடும் அவள் ஒரு கேள்வி வைத்தாள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு துணுக்கு பதில் வந்தது. 'வடிவுகிட்டச் சொல்லு, குதிரைய எடுத்ததும் ஓட்ட வேண்டாம்னு' என்று சிதம்பரநாதன் சொன்னதாக ஓர் அட்டையில் இருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

அவள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது ஞானதிரவியத்தின் மனைவி ஜெபமணி.

"எக்கா! வாறேன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? வீட்ல மீன்கொழம்புல்லா கெடக்கு. நீங்க சைவம். நான் இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் வேண்டாம், ஜெபமணி. தம்பி எந்த மேசையில உக்காந்து அட்டை எழுதுதாரு? அதப் பாக்கணும்னு தோணிச்சு."

ஜெபமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதுதாரா? இவரா? பால்காரனுக்கு ஒரு சீட்டு எழுதி வைங்கன்னா, 'நீயே வாயால சொல்லிரேன்'ம்பாரு. பேனாவக் கண்டு எத்தன வருசமாச்சோ!"

பிறகு வடிவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அவரக் கூப்பிடுதேன்," என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போனாள்.

ஞானதிரவியம் செடிக்குத் தண்ணீர் விட்ட கையோடு, கைலியில் ஈரத்தோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவர். உடம்பு இன்னும் விறைப்பாக இருந்தது.

"வாங்க மைனி. என்ன இப்டி திடீர்னு?"

"அவரு காப்பி குடிச்சாரா, தம்பி?"

"எந்தக் காப்பி?"

அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது. தன் பெயரில் போன வாரம் வந்த அட்டையின் படியை அவர் வாசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"நீங்க அவரு பக்கத்துல இருந்தீங்களா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ராத்திரி பூரா இருந்தேன், மைனி. சத்தியமா. விடியுத நேரத்துல ஒரு சாயா குடிக்கலாம்னு எறங்குனேன். கடக்காரன் அடுப்பப் பத்தவைக்கவே நேரமாக்கிட்டான். திரும்பி வாறேன், கட்டிலச் சுத்தி மறைப்புத் துணி போட்டிருக்கு."

"எறங்கும்போது உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "ஞாபகம் இல்ல, மைனி."

"குதிரைய ஓட்ட வேண்டாம்னு சொன்னாருன்னு வந்துச்சே."

"அது பொறி எழுதுனது. அந்தப் படிய மட்டும் நான் வாசிச்சேன். வாசிச்சதும் பதறிட்டு. மறுப்பு அட்டைய எடுத்துக் கையில வச்சிருக்கேன், அதுக்குள்ள உங்க பதில் வந்துட்டு. இதப் படிச்ச பொறவுதான் தூங்குனேன்னு எழுதியிருந்தீங்க. பொறவு எந்தக் கையால மறுக்க, சொல்லுங்க?"

கேட்க வேண்டாம் என்று வடிவின் மனசு சொல்லச் சொல்ல வாய் கேட்டுவிட்டது.

"அவரு உயிரோட இருந்தப்ப? அவருக்கு எழுதுனது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மொத அட்ட நான் எழுதுனது," என்றார் ஞானதிரவியம்.

மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு தபால் பெட்டிவரை நடந்து போவாரே சிதம்பரநாதன், அது அவள் கண்முன் வந்தது. அட்டை வந்த அன்றைக்கெல்லாம், "பாத்தியா வடிவு, ஞானத்த மாதிரி நின்னு யோசிக்க இந்த ஜில்லாவுல ஆளு கெடயாது" என்பார். எதிராளியின் ராணியை வெட்டிய அன்று தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார். எதிரில் ஆளே இல்லை. தன்னை ஏமாற்றியதையாவது அவளால் ஒரு பக்கம் வைத்துப் பார்க்க முடிந்தது. அதில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அவரை ஏமாற்றியதில் என்ன இருந்தது? சோம்பலைத் தவிர ஒன்றுமில்லை.

"மறுப்பு எழுதுங்க, தம்பி. நீங்க எழுதாத அத்தனைக்கும்."

"மைனி, ஆத்திரத்துல சொல்லாதீங்க. நான் மறுத்தா ஆட்டம் மொத அட்டைக்குப் போயிரும். அண்ணாச்சி இத்தன வருசம் ஆடுனது அவ்வளவும் இல்லன்னு ஆயிரும். அவரு கடைசியாச் சொன்ன வார்த்தயும் போயிரும்."

"அவரு சொல்லல."

"சொல்லல. ஆனா சட்டப்படி..."

"எழுதுங்க."

வீட்டிலிருந்த ஒரே பேனா எழுதவில்லை. ஜெபமணி அதை உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கி மை வரவழைத்துக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை வடிவு நின்றுகொண்டேயிருந்தாள். சாப்பிடச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

சங்கத்தின் அறிவிப்பு சில நாளில் வந்தது. அதில் சொன்னபடி அவள் பலகையில் காய்களை வைத்தாள். வெட்டுப்பட்ட ராணி எழுந்து தன் கட்டத்துக்குத் திரும்பியது. எல்லாம் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சிப்பாய் முன்னே நின்றது. சிதம்பரநாதனின் குதிரை ஒன்று மட்டும் வெளியே வந்திருந்தது. அவருடைய ஆட்டத்தில் அவ்வளவுதான் மிச்சம். அடுத்து ஆட வேண்டியவர் ஞானதிரவியம்.

செய்தி எப்படியோ பரவி, அந்த மாதம் சங்கத்துக்கு மறுப்பு அட்டைகள் மூட்டையாக வந்தன. கோப்பை வாங்கிய ஓர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கருதுபொறியே ஆடியிருந்தது தெரிந்தது. ஆட்டக்காரர்கள் இருவரும் சதுரங்கத்தை மறந்து கேரம்போர்டுக்குப் போய் வெகுகாலமாகியிருந்தது. ஆட்டத்தின் நலன் கருதி இனி மறுப்புகள் ஏற்கப்படமாட்டா என்று சங்கம் அவசரமாகப் புது விதி போட்டது.

அதற்குப் பிறகுதான் நாகர்கோவில் அட்டை வந்தது. எழுத்து கோணலாக, மை திட்டுத்திட்டாக இருந்தது. சிதம்பரநாதனின் குதிரை ஆட்டத்தைத் திருப்பி எழுதி, பதிலுக்கு ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தார்.

'மைனி, முன்னஞ்சலிலிருந்து விலகிவிட்டேன். இது நானே எழுதுவது. நீங்கள் போன பிறகு யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது நினைவு வந்துவிட்டது. நான் சாயாவுக்கு இறங்கும்போது அண்ணாச்சி, மெதுவாக் குடிச்சிட்டு வாடே, நான் எங்க போயிரப் போறேன் என்றார்.'

சிதம்பரநாதனின் குரலேதான். அந்த 'வாடே'யைக் காதால் கேட்டாள்.

குதிரை வாக்கியத்தையும் அவள் அப்படித்தான் காதால் கேட்டிருந்தாள்.

மையை விரலால் தேய்த்துப் பார்த்தாள், ஒட்டியது. கைவரைவியும் மையால்தான் எழுதுகிறது. போன் போட்டுக் கேட்டால், நானேதான் எழுதினேன் என்பார். உண்மையாகவே எழுதியிருப்பார். எழுதியிருந்தால் மட்டும் என்ன? நினைவில்லை என்று நேருக்கு நேர் சொன்னவருக்கு, ஒரு பெண் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிறங்கிப் போனதைப் பார்த்த பிறகு நினைவு வந்திருக்கிறது. கருதுபொறி ஞானதிரவியத்தைச் சரியாகத்தான் கணித்திருந்தது. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லக்கூடிய மனிதர் அவர் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஒருவேளை அந்த வாக்கியம் உண்மையாக இருக்கலாம். உலகத்தில் சிதம்பரநாதன் கடைசியாகப் பேசியது அதுவாகவே இருக்கலாம். அவளிடம் அது வந்து சேர்ந்துவிட்டது. அவளால்தான் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

வடிவு புது அட்டை ஒன்றை எடுத்தாள். விதிப்படி அவருடைய சிப்பாய் ஆட்டத்தைத் திருப்பி எழுதினாள். அதன் கீழே தன் ஆட்டத்தை எழுதினாள். செய்திக்கான இடத்தில் பேனாவை வைத்தாள். கேட்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, அட்டையைத் திருப்பி முகவரி எழுதத் தொடங்கினாள்.