எர்த் இல்லாத வீடு

சிதம்பரம் வண்டிகேட் அருகே மழை பிடித்துக்கொண்டபோது இளமதி முதலில் பார்த்தது அவனை அல்ல... அவன் படுக்கவைத்திருந்த மெஷினைத்தான்.

டாடா ஏஸ் வண்டியின் பின்புறத்தில் ஆளுயரப் பெட்டி ஒன்று மல்லாந்து கிடந்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி சாலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன், தொப்பலாக நனைந்து.

கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தோளில் டூல்ஸ் பையோடு ஓடினாள்.

"யாருங்க இதப் படுக்க வச்சது?"

"நான்தான். நிக்க வச்சா கேபிள் வயருல இடிக்குது... ஏன்?"

"இனிமே இத இன்னிக்கி ஓட்ட முடியாது. அதான்."

"நீங்க யாரு?"

"இத மாட்ட வந்தவ."

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமைகளில் மழை... அதற்கு உள்ளே, நெடுநாளாகத் தூங்காத இரண்டு கண்கள். இவ்வளவு களைப்பான கண்கள் இவ்வளவு அழகாகவும் இருக்குமா என்று ஒரு நினைப்பு ஓடியது இளமதிக்கு. அதை உடனே விரட்டினாள்.

"மெக்கானிக் வருவாருன்னு சொன்னாங்க..." என்றான்.

"வருவாங்கன்னு சொல்லியிருக்கணும். வந்தாச்சு."

அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்கே வெந்நீர் வேணுங்க. எங்க அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு வருஷமா அடுப்புல வச்ச தண்ணியத் தூக்கித் தூக்கி..." சொல்ல வந்ததை அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"கம்ப்ரசர்ல ஆயில் இருக்கு சார். படுக்க வச்சா அது பைப்புல ஏறிடும். நிமித்தி வச்சு ஒரு நாள் விடணும். அவசரப்பட்டு ஆன் பண்ணா மெஷினே போயிடும். நாளைக்கி வரைக்கும் பொறுங்க."

"ஒரு வருஷம் பொறுத்தாச்சு. இன்னும் ஒரு நாளுதான," என்றான் அவன். பேச்சில் கசப்பு.

பெயர் எழிலன். கீரப்பாளையம் யூனியன் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வீடு அம்மாபேட்டைப் பக்கம். ஆட்கள் நால்வர் மெஷினை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். சிமெண்ட் மேடையில் அதை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் ரப்பர் கொடுத்தாள் இளமதி. ஏதோ வங்கக்கடல் தாழ்வு மண்டலமாம்... மழை விட்டு விட்டுப் பெய்தது. அவன் குடை பிடித்தான். குடை அவள் தலைக்கு மேலேயே இருந்தது. அவன் தோள் நனைந்துகொண்டிருந்தது.

"உள்ள சூடாக்குற கம்பி கூட இல்லையாமே? அப்புறம் எப்படிச் சூடாவும்?"

"ஏசி, ரூமுல இருக்கிற சூட்ட வெளிய தள்ளுதுல்ல? இது வெளிய இருக்கிற சூட்டப் புடிச்சுத் தண்ணிக்கிக் குடுக்கும். ஹீட் பம்ப்னா அவ்ளோதான்."

"இந்த மழையில ஏது சூடு?"

"இருக்கும் சார். நமக்குத்தான் தெரியாது."

முதல் முறையாக அவன் முகத்தில் ஏதோ இளகியது. இளமதி அவசரமாகக் குனிந்து மீட்டரை எடுத்தாள்.

மெஷின் ஓடாவிட்டால் என்ன, மின் இணைப்பைப் பார்த்துவிடலாம். எர்த்துக்கும், கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரை வைத்தாள். சைபர். மறுபடி வைத்தாள். துளி அசைவில்லை. கரண்டு ஓடுகிற வீட்டில் கொஞ்சமாவது காட்டும்... இத்தனை சுத்தமாக இருக்காது. சந்தேகம் வந்து மெயினை அணைத்தாள், பிளக் தட்டைக் கழற்றினாள்.

உள்ளே விரல் நீளச் சிவப்பு வயர் ஒன்று நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எர்த் என்று ஒன்று அந்த வீட்டில் இல்லவே இல்லை.

"யாரு சார் இதச் செஞ்சது?"

"எங்க அப்பா. இந்த வூட்டு வயரிங்கெல்லாம் அவருதான்."

சொல்லும்போதே அவர் படியேறி வந்துவிட்டார். வயர்மேன் சுப்புராயன். அறுபத்தாறு வயது. அவள் கழற்றி வைத்திருந்த சிவப்பு வயரைப் பார்த்ததும் நின்றார்.

"அத ஏம்மா கழட்டுன? குழி தோண்டி எர்த் போட அந்தக் காலத்துல ஏது வசதி? நியூட்ரல்ல ஒரு லிங்க் குடுத்தா எர்த் வந்துடும். நாப்பது வருஷமா ஓடுது."

"நியூட்ரல் நல்லா இருக்கிற வரைக்கும் ஓடும், ஐயா. அது அறுந்தா?"

சுப்புராயன் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. கோபம் அதன் பிறகுதான் வந்தது.

"எனக்கே பாடம் எடுக்க வந்துட்டியா? இந்தத் தெருவுல முக்காவாசி வூட்டுக்கு லைட்டு எரிய வச்சவன் நான்."

மெஷின் வாங்கிய கடலூர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் இளமதியை அழைத்தார். பெரியவரிடம் எதற்கு வம்பு, மாட்டிவிட்டு வந்து சேர் என்றார்.

"எர்த் போடாம நான் ஆன் பண்ண மாட்டேன் சார். வேணும்னா வேற ஆள அனுப்பிக்குங்க," என்று வைத்துவிட்டாள். வேலை போனாலும் போகும்.

சுப்புராயன் இறங்கிப் போனார். எழிலன் மட்டும் குடையோடு நின்றான். மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்.

"குளிக்கிற எடத்துல கரண்டே வேணாம்னுதான்... மாடியில நிக்கிற மெஷினாப் பாத்து வாங்குனேன்."

"ஏன் சார்?"

"என் தங்கச்சி அங்கதான் செத்தா."

தமிழ்ச்செல்வி. இருபத்திரண்டு வயது. போன வருஷம் இதே மாதம், காற்றும் மழையுமாக அடித்த ஒரு காலை. வீட்டில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஹீட்டரில் மிச்சம் சூடு இருக்கும், குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாள். குழாயைப் பிடித்தபடி கிடந்தாள்...

"இதயம் நின்னுடுச்சுன்னாங்க. கரண்டு இல்லாத நேரம், ஷாக்காவும் இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு வாரத்துல அம்மா விழுந்தாங்க. அதுலேர்ந்து பேச்சு இல்ல."

இளமதி கீழே இறங்கினாள். குளியலறைக்குப் போனாள். யாரும் கழற்றாத பழைய ஹீட்டர் சுவரில் தொங்கியது. அதன் பிளக் தட்டைத் திறந்தாள். அங்கும் அதே சிவப்பு வயர். ஒரு நுனி கருகியிருந்தது.

காற்றில் வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்தால் விளக்கு அணையும். பார்ப்பவர்களுக்குக் கரண்டு போனதாகத்தான் தெரியும். ஆனால் ஏதாவது ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் போதும். அதன் வழியாக வந்த மின்சாரம், திரும்பிப் போக வழியில்லாமல் அந்தச் சிவப்பு வயரில் ஏறி ஹீட்டரின் உடம்பில் காத்திருக்கும். அங்கிருந்து குழாய்க்கு. ஈரக்கை தொடும்வரை.

"என்னா பாத்தீங்க?" வாசலில் எழிலன்.

அந்தக் கண்களைப் பார்த்தாள்... "ஒண்ணுமில்ல சார். பழசு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். கொல்லையில் எழிலன் கடப்பாரையோடு முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தான். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"இப்புடிப் புடிச்சா நாளைக்கி ஆபீசுல டைப் அடிக்க முடியாது. குடுங்க இங்க."

"நீங்க தோண்டி நான் நின்னு பாக்குறதா?"

"பாக்க வேணாம்... மண்ண அள்ளுங்க."

குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இருவரும் மாறி மாறித் தோண்டினார்கள். மண் அப்பிய கையால் அவள் நெற்றி முடியை ஒதுக்க, கன்னமெல்லாம் சேறு. அவன் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, பிறகு தன் துண்டின் காய்ந்த நுனியை நீட்டினான். விரல்கள் படவில்லை. படாததே அவளுக்கு என்னவோ செய்தது.

செம்பு பூசிய எர்த் ராடை அடித்து இறக்கினார்கள். புது எர்த் வயர் மாடிவரை ஏறியது. வீட்டிலிருந்த சிவப்பு லிங்குகள் ஒன்பதையும் அவள் வெட்டி எடுத்தாள். கசிவு இருந்தால் கண் இமைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கிற பிரேக்கரைப் பொருத்தி, அதன் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். டக்கென்று விழுந்தது.

"நீங்க நேத்துலேர்ந்து எதையோ முழுங்குறீங்க," என்றான் எழிலன், திடீரென்று.

"அதெல்லாம் இல்ல."

"அன்னிக்கி அவளத் தூக்கப் போனப்போ என் கை ஜிவ்வுன்னு இழுத்துச்சு. பதட்டத்துல நரம்பு இழுக்குதுன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல. ஒருவேள அது..."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். தான் கோழை என்று அவளுக்குத் தெரிந்தது.

மெஷினை நிமிர்த்தி ஒரு நாள் ஆகியிருந்தது. முதலில் டேங்க்கில் தண்ணீர். குளியலறை வெந்நீர்க் குழாயை எழிலன் திறந்துவைக்க, புஸ் புஸ்ஸென்று காற்று துப்பி, இருமி, பிறகு ஒரே சீராகத் தண்ணீர் விழுந்தது. டேங்க் நிறைந்தது என்று அர்த்தம். நிறையாமல் ஆன் பண்ணக்கூடாது. அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வைத் தூக்கிப் பார்த்தாள். அதன் பைப் ஆள் நடக்காத மூலையில் இறங்கியது. இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவி ஈரம் பார்த்தாள். ஓல்டேஜ் பார்த்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

சில நிமிடம் ஒன்றுமில்லை. அதன்பின் விசிறி மெல்லச் சுற்றியது. கம்ப்ரசர் உறுமி அடங்கி, ஒரே சுருதியில் ஓடத் தொடங்கியது.

பிற்பகலில் எழிலனின் அம்மா ஜெயராணியை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டு மங்கலம் வந்து குளிப்பாட்டினாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். நடுவே ஒரு கேவல்... வார்த்தையில்லாமல். எழிலன் கூடத்துச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

இளமதி சாமான்களை எடுத்துவர மாடிக்குப் போனாள். அங்கே சுப்புராயன். வெட்டிப்போட்ட சிவப்பு வயர்களில் கருகியதை மட்டும் பொறுக்கிக் கையில் வைத்திருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல," என்றார்.

அவள் எடுத்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. புள்ளையத் தூக்கிட்டுப் போன பிறகு வெளிய வந்து பாத்தேன். நியூட்ரல் அறுந்து தொங்குது. நானே ஏணி போட்டு ஏறி முறுக்கி வுட்டேன். எவனும் பாக்கறதுக்கு முன்ன..." அவர் குரலில் அழுகைகூட இல்லை. "என் கையால செஞ்ச வேல. எம் பொண்ணு. எழிலங்கிட்ட சொல்லிடாத."

அந்த வயதானவர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசலில் எழிலன், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டாந்து வுடவா?" என்றான்.

"வேணாம் சார்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அதன் பிறகு அவன் போன் செய்தான். எடுக்கவில்லை. 'அம்மா இன்னிக்கி ரெண்டு இட்லி சாப்ட்டாங்க' என்று செய்தி வந்தது. 'உங்க குரல் கேக்கணும் போல இருக்கு' என்று இன்னொன்று. விரல் பதில் எழுதும், அழிக்கும். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அப்பா இல்லை. மறைத்தால் தனக்கு அவன் இல்லை... பொய்யை நடுவில் வைத்துக்கொண்டு அந்தக் கண்களை எப்படிப் பார்ப்பது?

பதினோராம் நாள் மாலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கடை ஷட்டரை இறக்கப்போனாள். எதிர்ச்சாரியில் எழிலன் நின்றிருந்தான். முகம் பாதியாக இளைத்திருந்தது. நேராக வந்தான்.

"எங்க அப்பா சொல்லிட்டாரு. அம்மா முன்னாடி உக்காந்து, எல்லாத்தையும்."

இளமதி ஷட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. நான் அவரோட பேசி ஒரு வாரம் ஆவுது. நேத்து காலைல பாத்தா டெஸ்டர எடுத்துக்கிட்டுக் கெளம்புறாரு. அவரு வயரிங் பண்ண வூடு அறுவதுக்கு மேல இருக்காம். ஒவ்வொரு வாசலா நின்னு, 'நான் தப்பா போட்டுட்டேன், லிங்க வெட்டணும்'னு சொல்றாரு. ரெண்டு வூட்ல கதவையே சாத்திட்டாங்க." மூச்சு வாங்கினான். "மன்னிக்க முடியுமான்னு தெரியல. ஆனா அவரு ஒத்தையா நிக்கிறதப் பாத்துட்டு ஆபீசுக்குப் போவ முடியல. ஏணியப் புடிச்சேன்."

"ஏணி மட்டும் போதாது. ஒவ்வொரு வூட்டுக்கும் தனியா எர்த் போட்டு, மீட்டர் வச்சுப் பாக்கணும்," என்றாள் அவள். குரல் உடைந்தது.

"அது அப்புறம். இதச் சொல்லுங்க... உங்களுக்கு மொத நாளே தெரியும். நான் வாய் விட்டுக் கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. ஒரு வருஷமா நான் எனக்குள்ளயே செத்துக்கிட்டு இருந்தேன் இளமதி. ஏன் சொல்லல?"

முதல் முறையாகப் பேர் சொல்லி அழைத்திருந்தான். கோபத்தில்.

"வேற யாராவது இருந்தா சொல்லியிருப்பேன். எத்தன வூட்ல சண்ட போட்டுச் சொல்லியிருக்கேன்..."

"அப்ப எனக்கு மட்டும் ஏன்?"

தெருவில் தூறல் விழத் தொடங்கியது. யாரோ சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"உங்களுக்கு வலிக்கும்னு நெனச்சா எனக்கு வாயே வரல. அது தப்புதான். வேலைன்னு வந்துட்டா அப்படி இருக்கக்கூடாது. ஆனா..." கண்ணைத் துடைக்காமலேயே அவனைப் பார்த்தாள். "உங்களப் புடிச்சுப்போச்சு. ரெண்டு நாள்ல யாருக்காவது இப்புடி ஆவுமான்னு எனக்கே தெரியல. ஆயிடுச்சு."

அவன் உதடு துடித்தது.

"இனிமே எதுவா இருந்தாலும் சொல்லிடணும். எவ்ளோ வலிச்சாலும்," என்றான் கடைசியில்.

"நம்ம விஷயத்த எங்க வூட்ல லேசுல ஒத்துக்க மாட்டாங்க. மொதல்ல அதச் சொல்லிடுறேன்."

"தெரியும். வேற?"

"நீங்க ரொம்ப மோசமா இளைச்சிருக்கீங்க."

அவன் சிரித்தான்... சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான். நட்டநடுத் தெருவில், பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று இளமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.