பிரஸ் நான்கின் காத்திருப்பு நேரம்

1997 ஜனவரி, திங்கட்கிழமை. கெலமங்கலம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஓசூர்த் தொழிற்சாலையின் கண்ட்ரோல் ரூமைத் திறந்தேன். கண்ணாடிக்கு அப்பால், இரும்புத் தகட்டை அழுத்தும் எந்திரமான பிரஸ் நான்கைக் கழுவித் துடைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை, அதை ஓட்டிக்கொண்டிருந்த அஞ்செட்டி முனிலட்சுமி அதில்தான் நசுங்கிச் செத்தாள்.

பிரஸ்ஸும் என் கணினியும் ஒரு கேபிளில், சாக்கெட் என்கிற நிரல் இணைப்பு வழியாகப் பேசிக்கொள்ளும்; ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் அந்தத் தகவல் இதில்தான் வரும். மூன்று நொடிக்குள் பிரஸ்ஸிடமிருந்து தகவல் வராவிட்டால், சி மொழியில் நான் எழுதிய நிரல் அதன் மின்சாரத்தை வெட்டிவிடும். கேபிள் அடிக்கடி விட்டுப்போய் உற்பத்தி நின்றது.

"மூணுக்குப் பதிலா பூஜ்யம் போடும்மா" என்றார் மேனேஜர் கிருஷ்ணப்பன், போன மாதம்.

பூஜ்யம் என்றால் முடிவில்லாமல் காத்திரு என்று பொருள். எனக்குத் தெரியும். பேசாமல் போட்டேன்.

முனிலட்சுமி ஸ்டாப் பட்டனை அமுக்கியபோது கேபிள் விட்டிருந்தது. நிரல் காத்துக்கொண்டே இருந்தது. அவள் தூங்கி வழிந்தாள் என்று அறிக்கை எழுதினார்கள்.

இன்று பதினோரு மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"மறுபடி மூணாக்கிடு" என்றார் கிருஷ்ணப்பன்.

காத்திருப்பு நேரத்தை மாற்றும் setsockopt கட்டளையை மூன்று என்று கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை. இப்போது எவ்வளவு என்று getsockopt கொடுத்துக் கேட்டேன்.

பூஜ்யம்.

"பி.எஸ்ஸி. படிச்சவதானே? மிஷின்கூட உன்ன மதிக்கல பாரு."

மறுபடி வைத்தேன். பூஜ்யம்.

ஏ.சி. அறைக்குள் விளக்கெண்ணெய் வாடை. முனிலட்சுமி தலைக்குத் தடவுவது.

"சார்... கேபிளப் புடுங்கிடட்டுமா?"

"புடுங்கு. டை அச்சுக்குள்ள அவ வளையல் துண்டு சிக்கியிருக்கு, இன்ஸ்பெக்டர் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டு வரேன். மெயினு ஆஃப்தான்."

கேபிளைப் பிடுங்கினேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் குனிந்து உள்ளே கைவிட்டார்.

பிரஸ்ஸின் பச்சை விளக்கு எரிந்தது.

"சார்!"

அவர் இன்னொரு கையால் ஸ்டாப் பட்டனை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார்.

நிரல் காத்திருந்தது.

பிரஸ் மெதுவாக இறங்கியது. வழக்கமான வேகத்தில் இல்லை. மிக மெதுவாக.

இன்ஸ்பெக்டர் கேட்டபோது முதல்முறையாகச் சத்தமாகப் பேசினேன். "முனிலட்சுமி தூங்கல சார். பூஜ்யம் வெச்சிருந்தோம். மேனேஜர் சொன்னாரு." பூஜ்யத்தின் பொருள் எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் பிரஸ் நான்கைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள்.

வெறும் தரையைப் பார்த்தபடி நிரலை மூட உட்கார்ந்தேன். நான் பிடுங்கிய கேபிள் முனை, எதிலும் செருகாமல், என் காலடியில் கிடந்தது.

விளக்கெண்ணெய் வாடை.

திரையில் ஒரு வரி வந்தது. பிரஸ் நான்கு: ஸ்டாப்.

காத்திருப்பு நேரத்தைக் கேட்டேன்.

பூஜ்யம்.